பாலா பங்களா ஆயா

ஆயர் ஈத்தாம் மலையடிவாரத்தில் மார்ஸ்டன் குடும்பம் கட்டிய மாளிகைக்கு அவர்கள் வைத்த பெயர் எல்ம்வுட். எல்ம் என்பது அவர்கள் ஊர் மரமாம். பினாங்கு மண்ணில் அப்படியொரு மரம் முளைத்ததே இல்லை. மாளிகையைச் சுற்றி மலைச்சரிவு முழுக்க நின்றவை ஜாதிக்காய் மரங்கள். ஜாதிக்காயை மலாய்க்காரர்கள் பாலா என்பார்கள். அதனால் தோட்டத்தில் வேலை செய்த தமிழர்களுக்கும், டவுனிலிருந்து மேலே போகும் வண்டிக்காரர்களுக்கும் அது எப்போதும் பாலா பங்களாதான்.

அங்கே ஏறக்குறைய இருபத்தைந்து வருஷம் ஆயாவாகவும் பிறகு வீட்டு வேலைக்காரியாகவும் இருந்தவர் ஜூலியானா. கடைசிக் காலத்தில் கடல் தாண்டி, எதிர்க்கரையில் பாகான் டாலாமில் மகன் லாரன்ஸ் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அவர் வாயால் நான் கேட்டதையும், அவர் சொல்லாமல் விட்டு மற்றவர்கள் சொன்னதையும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் மார்ஸ்டன் கப்பல் சரக்கு வியாபாரி. அவர் பிறந்த கிராமத்தில் ஒரு பிரபுவின் பெரிய வீடு இருந்ததாம். சிறு வயதில் அந்த வீட்டுக்குள் அவரைப் பின்வாசல் வழியாக மட்டுமே விட்டார்களாம். பினாங்கில் ஜாதிக்காய் நல்ல விலைக்குப் போன காலத்தில் கையில் காசு சேர்ந்ததும், அதே வீட்டை இங்கே எழுப்பிவிட வேண்டும் என்று அவருக்கு வெறி வந்துவிட்டது. வாசலுக்கு ஓக் மரக் கதவு கப்பலில் வந்தது. கூடத்தில் கறுப்பும் வெள்ளையுமாகச் சலவைக்கல் பதித்தார்கள். வருஷம் பூராவும் வேர்த்துக் கொட்டும் ஊரில், குளிர்காய ஒரு பெரிய கணப்பு. அதற்குக் கூரைக்கு மேலே புகைபோக்கி. அதில் யாரும் தீ மூட்டவில்லை. புகைபோக்கிக்குள் குருவிகள் கூடு கட்டின.

வீடு முடிந்து சில வருஷங்களிலேயே மரங்களில் நோய் விழுந்தது. உச்சியிலிருந்து இலை கருகிக்கொண்டே கீழே இறங்கும். தீவில் இருந்த ஜாதிக்காய்த் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மொட்டையாகின. கிழவர் அந்த வருத்தத்திலேயே போய்ச் சேர்ந்தார். பிரபுக்கள் தங்கள் நிலத்திலேயே குடும்பக் கல்லறை வைத்திருப்பார்களாம். அதேபோலத் தன்னையும் தோட்டத்தின் மேற்கு மூலையில், ஓடைக்கு மேலே உள்ள சரிவில் புதைக்கச் சொல்லியிருந்தார். மகனும் பின்னால் அங்கேயே போனார். பேரன் எட்வர்ட் துரையின் காலத்தில் செத்த மரங்களுக்குப் பதிலாக ரப்பர் நட்டார்கள். வீட்டை ஒட்டிக் கொஞ்சம் ஜாதிக்காய் மட்டும் மிச்சம் இருந்தது.

எட்வர்ட் துரையின் குதிரை வண்டியை ஓட்டியவர் வின்சென்ட். பினாங்கு ரோட்டில் இருக்கும் நம் கத்தோலிக்கக் கோயிலில்தான் அவருக்கும் ஜூலியானாவுக்கும் கல்யாணம் நடந்தது. ஜூலியானாவின் அப்பா நாகப்பட்டினத்துப் பக்கத்துக்காரர். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பெண்ணைக் கொடுத்த மறு வருஷமே அவர் இறந்துவிட்டார். அதனால் கல்யாணமாகி, தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்து அறைக்கு வந்த பெண்ணுக்குத் தாய்வீடு என்று திரும்பிப் போக ஓர் இடம் இல்லை. பங்களாவில் துணி துவைக்கும் வேலை கிடைத்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டில் ஜூலியானாவுக்கு ஒரு பெண் பிறந்தது. ரீத்தா என்று ஞானஸ்நானம் கொடுத்தார்கள். குழந்தைக்கு மூன்று மாதம் ஆகும்போது துரையின் மனைவிக்கும் ஒரு பெண் பிறந்தது. அதற்குப் பெயர் ஈடித். பிரசவம் ஆனதும் மேமுக்குக் கடுமையான காய்ச்சல். தாய்ப்பால் கொடுக்க முடியவில்லை. டப்பாப் பால் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குடித்ததையெல்லாம் கக்கி, குழந்தை நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே போனது.

துவைக்க வேண்டிய துணிகளை எடுக்க மாடிக்குப் போன ஜூலியானா, அந்தக் குழந்தை அழுத சத்தத்தைக் கேட்டார். "அழுகையா அது? பூனைக்குட்டி மாதிரி. எனக்கு ரவிக்கை நனைஞ்சு போச்சு" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். யாரிடமும் உத்தரவு கேட்காமல் குழந்தையை எடுத்து மார்பில் வைத்துக்கொண்டார். டாக்டரோடு உள்ளே வந்த எட்வர்ட் துரை வாசலிலேயே நின்றுவிட்டார். டாக்டர்தான், "விடுங்கள், குடிக்கிறது பாருங்கள்" என்றாராம்.

அப்படித்தான் அவர் ஆயா ஆனார். இரண்டு பிள்ளைகளும் ஒருவரிடமே பால் குடித்து வளர்ந்தன. ஈடித் பேசத் தொடங்கியபோது முதலில் வந்தது தமிழ். ஜூலியானாவை அம்மா என்றும் பெற்றவளை மம்மா என்றும் கூப்பிட்டது. துரைக்கு இது பிடிக்கவில்லை. முன்பக்க மாடிப்படியில் ரீத்தா ஏறக்கூடாது என்று அவர் ஒரு சட்டம் போட்டார். ஈடித் தன் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கப் படியில் வந்து உட்கார்ந்துகொண்டது. மேமுக்குக் கோபம் வரவில்லை, சிரித்துவிட்டார். மேம் நல்ல பெண்மணிதான் என்று ஜூலியானா எப்போதும் சொல்வார். இரண்டு பேரும் பேசிக்கொண்டது மலாயில். இரண்டு பேருக்குமே அது அரைகுறை.

தீ மூட்டாத கணப்புதான் குழந்தைகளின் வீடு. பொம்மைகள், உடைந்த தட்டு, ஜாதிக்காய் ஓடு எல்லாம் அதற்குள்ளே இருக்கும். காலையில் உள்ளே போனால் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போதுதான் வெளியே வருவார்கள், முகமெல்லாம் தூசியாக.

பிள்ளைகளுக்கு நான்கு வயது முடிந்த மழைக்காலத்தில் ஈடித்துக்குத் தொண்டை வலி வந்தது. மறுநாள் தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் தோல் மாதிரி படர்ந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு டிப்தீரியா என்றார். ஊசி மருந்து போட்டார். நேரம் கடந்துவிட்டது. மூச்சு விட முடியாமல், ஜூலியானாவின் மடியில்தான் அந்தக் குழந்தையின் உயிர் போனது. மேம் எதிரே முட்டி போட்டு, அதன் பாதங்களைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

குழந்தை தொட்டதையெல்லாம் எரிக்கச் சொன்னார் டாக்டர். வெளியே மழை கொட்டியது, எரிக்க இடமில்லை. பொம்மைகள், கவுன்கள், மெத்தை, எல்லாவற்றையும் கணப்பிலேயே போட்டுத் தீ வைத்தார்கள். குருவிக்கூடு அடைத்திருந்ததால் புகை மேலே போகாமல் கூடத்துக்குள் திரும்பியது. அந்தப் புகைக்குள் மேம் நகராமல் நின்றிருந்தார். வின்சென்ட்தான் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார்.

ஈடித்தை மேற்குச் சரிவில் அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றைக்கு ரீத்தாவுக்கும் தொண்டை வலித்தது.

மேமே தன் வண்டியில் டாக்டரை அனுப்பிவைத்தார். ஆனால் ஊசி மருந்து தீர்ந்திருந்தது. சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வர வேண்டும். கப்பல் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்போது லாரன்ஸ் கைக்குழந்தை. நோய் தொற்றாமல் இருக்க அவனைத் தோட்டத்து வேறொரு வீட்டில் விட்டிருந்தார்கள். ஜூலியானா தனியாக, செத்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு லயத்து அறையில் உட்கார்ந்திருந்தபோது கதவு திறந்தது. மேம் வந்து நின்றார். அதுவரை அந்த வீட்டுத் துரைசானி யாரும் லயத்துக்குள் கால் வைத்ததில்லை. உள்ளே வந்து சிமென்டுத் தரையில், ஜூலியானா பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு தன் அரைகுறை மலாயில், "ஈடித் தனியாக இருக்கிறாள். இவளை அவள் பக்கத்தில் வைப்போம். இரண்டு பேரும் ஒன்றாகத் தூங்கட்டும்" என்றார்.

வின்சென்டுக்கு அதில் சம்மதமில்லை. "நம்ம புள்ளையை நம்ம கோயில் மண்ணுலதான் வைக்கணும்" என்றார். ஆனால் தொற்றுநோய்ப் பிணத்தை ஊருக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். பினாங்கு ரோட்டுக் கோயிலிலிருந்து பிரெஞ்சுக்காரச் சாமியார் மலையேறி வந்து, அந்த ஒரு துண்டு நிலத்தை மந்திரித்துப் புனிதமாக்கிக் கொடுத்தார். ஈடித் மேட்டுப் பக்கம், ரீத்தா ஓடைப் பக்கம். நடுவில் ஒரு முழம் மண். இரண்டுக்கும் வின்சென்டே மரச்சிலுவை செய்து நட்டார். இங்கிலாந்திலிருந்து ஒரு நல்ல கல் வரவழைத்து, இரண்டு பேருடைய பெயரையும் அதில் வெட்டப் போவதாக மேம் சொன்னார். ஜூலியானாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னார்.

அடுத்த வருஷம் மேம் உடம்பு தேற வேண்டும் என்று சீமைக்குப் போனார். பிறகு ஐரோப்பாவில் பெரிய சண்டை வந்தது. கப்பல்கள் மூழ்கின. கல் வரவில்லை. மேமும் திரும்பி வரவில்லை. சண்டை முடிந்த பின்பும் வரவில்லை.

துரை மட்டும் அந்த மாளிகையில் இருந்தார். மோட்டார் கார் வந்ததும் குதிரைகளை விற்றார்கள். வின்சென்ட் தோட்ட வேலைக்குப் போனார். ஒவ்வோர் அறையாகப் பூட்டிக்கொண்டே வந்தார் துரை. கடைசியில் மாடியில் ஒரு படுக்கை அறை, கீழே ஒரு சாப்பாட்டு அறை, இவ்வளவுதான் புழங்கியது. மற்றவற்றில் கரையானும் வௌவாலும். பூட்டிய அறைகளையும் மாதத்தில் ஒரு தடவை திறந்து ஜூலியானா கூட்டித் துடைப்பார். "எதுக்கு ஆயா, யார் வரப்போறா?" என்று துரை கேட்பாராம். ஜூலியானாவும் கூட்டுவதை நிறுத்தவில்லை. துரையும் வேண்டாம் என்று தடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போய் வந்த பிறகு புருஷனும் பெண்டாட்டியும் மேற்குச் சரிவுக்குப் போவார்கள். புல் வெட்டி, இரண்டு குழிமேட்டிலும் பூ வைப்பார்கள். சில சமயம் துரையும் அங்கே நின்றுகொண்டிருப்பார். தலையை அசைத்துவிட்டு இறங்கிப் போய்விடுவார்.

இருபத்தாறாம் வருஷம் பெரிய மழை. விடாமல் பெய்து, மலை பல இடங்களில் சரிந்தது. மேற்கு மூலையில் கிழவர், அவர் மகன் கல்லறைகள் மட்டும் நின்றன. அவற்றுக்குக் கீழே இருந்த நிலம் பெயர்ந்து ஓடை வரைக்கும் இறங்கிவிட்டது. மரச்சிலுவைகளை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. வின்சென்டும் ஜூலியானாவும் சேற்றில் நின்று, இங்கேதான் இருக்க வேண்டும் என்று குத்துமதிப்பாக ஓர் இடத்தைப் பிடித்து, ஓடையிலிருந்து இரண்டு கல்லை எடுத்து வைத்தார்கள். குத்துமதிப்பு என்பது இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதில்லை.

துரை முப்பத்தொன்றில் இறந்தார், அவரையும் மேற்கு மூலையிலேயே புதைத்தார்கள். ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் மூடிக்கொண்டிருந்த சமயம். சீமையில் இருந்த தம்பி மகன்தான் வாரிசு. அவன் பினாங்கை ஒருநாளும் பார்த்ததில்லை. நிலத்தையும் வீட்டையும் தவுக்கே எனப்பட்ட ஒரு சீன முதலாளிக்கு விற்றுவிட்டான். தவுக்கேக்கு வீடு வேண்டாம், நிலம்தான் வேண்டும். வீட்டை இடித்து, மனைகளாகப் பிரித்து விற்கப்போவதாகச் சொன்னார். மார்ஸ்டன் குடும்பத்தார் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: தோட்டத்தில் கிடக்கும் தங்கள் வீட்டார் எலும்புகளை எடுத்து, வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்தில் சேர்த்துவிட வேண்டும்.

இந்த வேலையைக் கவனிக்க வக்கீல் ஆபீசிலிருந்து வந்த குமாஸ்தா பாக்கியநாதன் கிராணி. நம் கோயில்காரர், ஜூலியானாவைப் பூசையில் பார்த்துப் பழக்கம். மழை தூறிய ஒரு காலை நேரத்தில், குடையைப் பிடித்துக்கொண்டு, சீனக் கூலிகளோடும் சுகாதார இலாகாவின் வெள்ளைக்கார அதிகாரியோடும் மேற்கு மூலைக்கு ஏறி வந்தார்.

"நாலு கூபூர்தானே அக்கா? தாத்தா, மகன், பேரன், அந்தச் சின்னப் புள்ளை?" என்று கல்லறைகளை எண்ணினார்.

"அஞ்சு தம்பி. எம் மவளும் இங்கதான் இருக்கா" என்றார் ஜூலியானா.

பாக்கியநாதன் திகைத்துப்போனார். அவரிடம் இருந்த அனுமதி நான்கு பேருக்குத்தான். ஐந்தாவதாக ஒருவர் இருப்பது எந்தக் காகிதத்திலும் இல்லை. "இருக்கட்டும் அக்கா, மொதல்ல எடுப்போம். நான் எப்படியாவது சாமியார்கிட்ட சொல்லி நம்ம கோயில் கல்லறையில எடம் கேக்குறேன்" என்றார்.

பெரியவர்களை எடுப்பதில் சிரமம் இல்லை. கிழவரின் பெட்டி தேக்கு. பாதி அப்படியே இருந்தது. சிறு பிள்ளைகளுக்கு வைத்திருந்த கற்களின் கீழே தோண்டினார்கள். ஒன்றுமில்லை. இன்னும் கீழே, ஓடைப் பக்கமாகத் தோண்டினார்கள். வெயில் ஏறிய பிறகு ஒரு கூலி மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கையால் மண்ணை விலக்கினான்.

பெட்டிகள் மக்கிப் போயிருந்தன. மண் சரிந்தபோது ஒன்று உருண்டு மற்றதன் மேல் விழுந்திருக்க வேண்டும். சின்னச் சின்ன எலும்புகள், களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு, எல்லாம் ஒரே இடத்தில் கலந்து கிடந்தன. ஒரே வயது. ஒரே உயரம். பெயர் சொல்ல ஒரு பொத்தான்கூட இல்லை.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பாக்கியநாதன் மெதுவாகக் கேட்டார்: "அக்கா, எது அந்த வெள்ளைக்காரப் புள்ளைன்னு தெரியுதா? சும்மா ஒரு பக்கமா கையைக் காட்டுங்க. போதும்."

ஜூலியானா குழிக்குள் இறங்கினார். முட்டி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து, முந்தானையால் மண்ணைத் துடைத்துப் பார்த்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. கூலிகள்கூடத் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிக்கொண்டு தள்ளி நின்றார்கள்.

"தெரியல தம்பி" என்றார். "பெத்தவ எனக்கே தெரியல."

அந்த நேரத்தில் வின்சென்ட் மூச்சிரைக்க மேலே ஏறி வந்தார். அன்றைக்கு அவர் டவுனுக்குப் போய், தன் செலவில் ஒரு சின்ன மரப்பெட்டி செய்து, தோளில் சுமந்துகொண்டு வந்திருந்தார். குழியைப் பார்த்ததும் நடந்தது என்ன என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெட்டியைக் கீழே வைத்தார்.

"பாதியை இதுல போடு. நம்ம கோயில் கல்லறையில கொண்டுபோய் வெச்சுக்கலாம்."

"எந்தப் பாதிய?" என்று கேட்டார் ஜூலியானா.

வின்சென்ட் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்தார்.

"ஒரு கை நம்ம புள்ளையது, ஒரு கை அந்தப் புள்ளையதுன்னு ரெண்டு எடத்துல பொதைக்கச் சொல்றீங்களா? ரெண்டுக்கும் நான்தான் பால் குடுத்தேன். பிச்சுப் போட என்னால முடியாது."

"அப்போ மொத்தத்தையும் நாம எடுத்துக்குவோம்."

"அந்தம்மா பெத்த புள்ளையாச்சே. எப்படி எடுக்கிறது?"

பாக்கியநாதன் குறுக்கே வந்தார். "அண்ணே, அனுமதி அவங்க பேர்லதான் இருக்கு. ரெண்டையும் சேத்து எடுக்கணும்னா அவங்க பெட்டியிலதான் போவும். வேற வழி இல்லலா."

வின்சென்ட் மண்மேட்டில் உட்கார்ந்தார். "ஞானஸ்நானம் வாங்குன புள்ளை. அவங்க கல்லறையில, பேரு இல்லாமக் கெடக்கப்போவுதா?"

மார்ஸ்டன் குடும்பத்தார் அனுப்பிய பெட்டியை வாங்கி, ஜூலியானா தன் கையாலேயே எல்லாவற்றையும் எடுத்து அதற்குள் வைத்தார். மூடி போட்டதும் அதிகாரி கையெழுத்துப் போட்டார். வின்சென்ட் செய்துகொண்டு வந்த பெட்டி அங்கேயே கிடந்தது.

பாக்கியநாதன் நல்ல மனிதர். தன் சொந்தக் காசில் தபால் தலை ஒட்டி, சீமைக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். வைக்கப்போகும் கல்லில் ரீத்தாவின் பெயரையும் சேர்க்க வேண்டும், மேமே அப்படி வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று விளக்கமாக எழுதினார். ஜூலியானா நம்பிக்கையோடு இருந்தார். மேம் உயிரோடு இருக்கிறார் என்று பாக்கியநாதன் சொன்னதே அவருக்குப் பெரிய ஆறுதல். "அவங்க மறக்க மாட்டாங்க. எங்கூடத் தரையில உக்காந்தவங்க" என்று கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

பதில் தம்பி மகனிடமிருந்து வந்தது. பெரியம்மா சில வருஷங்களாக முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்தில் இருக்கிறார். யாரையும் அடையாளம் தெரிவதில்லை. பினாங்கு என்று ஓர் ஊரில் வாழ்ந்ததே நினைவில்லை. ரீத்தா யார் என்று குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தான்.

பாக்கியநாதன் அதைக் கோயில் வாசலில் வைத்துச் சொன்னார். ஜூலியானா, "ஈடித்தையும் மறந்துட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"எல்லாத்தையுந்தான் அக்கா."

"பாவம்" என்றார் ஜூலியானா. அப்போதுதான் அழுதார். குழியில்கூட அவர் அழவில்லை என்று பாக்கியநாதன் சொல்வார்.

வெஸ்டர்ன் ரோட்டில் அடக்கம் செய்த இடத்தில் வெள்ளைச் சலவைக்கல் ஒன்றை வைத்தார்கள். அதில் ஈடித்தின் பெயரும் பெற்றோர் பெயரும், ஒரே மகள் என்ற வார்த்தையும் இருந்தன. பாக்கியநாதன் அவற்றை விரலால் காட்டிக் காட்டி வாசித்துச் சொன்னார். "வேற ஒண்ணும் இல்லையா தம்பி?" என்று ஜூலியானா கேட்டார். "இல்லக்கா." அவர் கல்லின் பின்பக்கம் போய், அங்கே ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்தார்.

மாளிகையை இடித்தார்கள். ஓக் கதவையும் மாடிப்படித் தேக்கையும் சூலியா தெருவில் மரக்கடை வைத்திருந்த கமாலுதீன் ஏலத்தில் எடுத்தார். சலவைக்கற்கள் யார் யார் வீட்டுக்கோ போயின. கணப்பை இடித்தபோது உள்ளே செங்கல்லெல்லாம் கறுத்துப் போயிருந்தது. லயத்தைக் காலி செய்யச் சொன்னதும் வின்சென்டும் ஜூலியானாவும் டவுனில் ஒரு பின்கட்டு அறைக்குக் குடிபோனார்கள்.

வின்சென்ட் அதற்குப் பிறகு அதிகம் பேசவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார். கேட்டால் பதில் சொல்வார். தானாக எதுவும் ஆரம்பிக்க மாட்டார். வெஸ்டர்ன் ரோடு பக்கம் ஒருநாளும் போகவில்லை. ஜூலியானா போய்விட்டு வரும் நாட்களில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மறு வருஷம் நெஞ்சு வலி வந்து படுத்துவிட்டார்.

படுக்கையில் இருந்த ஒரு மத்தியானம், சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அங்க நெழல் இருக்கா?"

எங்கே என்று ஜூலியானா கேட்கவில்லை. "இருக்கு. பெரிய மரம் ஒண்ணு, நல்ல நெழல்" என்றார்.

வின்சென்ட் தலையை ஆட்டினார். அந்த வாரத்திலேயே இறந்துபோனார்.

அங்கே நிழல் இல்லை. புதிதாகத் திறந்த பகுதி அது, ஒரு செடிகூடக் கிடையாது. அடக்கம் முடிந்து சில நாளில், வெள்ளையாகப் பூக்கும் கம்போஜா மரத்தின் கிளை ஒன்றை ஒடித்துக்கொண்டு ஜூலியானா அங்கே போனார். கல்லறைத் தோட்டத்துக் காவலாளி ராமசாமி ஓடி வந்து தடுத்தார்.

"இங்கெல்லாம் மரம் வெக்க உத்தரவு இல்லம்மா. வேரு ஓடிக் கல்லைத் தூக்கிடும். எங்க வேலை போயிடும்."

"ஒரே ஒரு கொம்புதான் அண்ணே."

"நீங்க யாரு இந்தப் புள்ளைக்கு?"

"ஆயா" என்றார் ஜூலியானா. வேறு எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ராமசாமி பரிதாபப்பட்டு, கிளையைத் தான் வாங்கிக்கொண்டு, வேலியோரமாக நட்டு வைப்பதாகச் சொன்னார். அது துளிர்க்கவில்லை.

லாரன்ஸுக்குப் பிறை என்ற ஊரின் ரயில்வே பட்டறையில் வேலை கிடைத்தது. அன்னமேரியைக் கல்யாணம் செய்துகொண்டு பாகான் டாலாமில் குடித்தனம் வைத்தான், அம்மாவையும் அழைத்துக்கொண்டான். அங்கேதான் எனக்கு ஜூலியானா அக்காவைத் தெரியும். ஒல்லியான, சுத்தமான மனுஷி. வீட்டில் புழங்காத மூலையைக்கூட விடாமல் கூட்டுவார். அன்னமேரிக்கு முதல் குழந்தை பிறந்தபோது பக்கத்திலேயே இருந்தார். ஆனால் குழந்தைக்கு ரீத்தா என்று பேர் வைக்கலாமா என்று மருமகள் கேட்டபோது, "வேணாம், அது அவளோட பேரு" என்று சொல்லிவிட்டார்.

மாதம் ஒருமுறை பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி அக்கரைக்குப் போவார். ஒருநாள் நானும் கூடப் போனேன். கல்லைத் தண்ணீர் விட்டுக் கழுவினார். இரண்டு மெழுகுவத்தி ஏற்றினார். காற்றுக்கு ஒன்று அணைந்தது. மற்றதிலிருந்து அதை மறுபடி ஏற்றினார், திரும்பவும் அணைந்தது. கையால் மறைத்துக்கொண்டு, மெழுகு முழுக்க உருகும் வரைக்கும் வெயிலில் குந்தியிருந்தார். திரும்பி வரும்போது ஃபெரியில் என்னிடம் கேட்டார்: "நான் செஞ்சது தப்பாம்மா? அவரு பேச்சைக் கேட்டுப் பாதியாவது எடுத்திருக்கணுமோ?"

"இல்லக்கா" என்றேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் சொன்னது காதில் விழுந்ததா என்று தெரியாது.

பிறகு கால் வீங்கிக்கொண்டது. ஃபெரி ஏற முடியவில்லை. கடைசி வருஷம் முழுவதும் வீட்டிலேயே இருந்தார். முப்பத்தெட்டாம் வருஷம் தவக்காலத்தில், சாமியார் வந்து நற்கருணை நன்மை கொடுத்துவிட்டுப் போன அன்று சாயங்காலம், மகன் கையைப் பிடித்துக்கொண்டே போய்விட்டார். ஐம்பது வயதுதான் இருக்கும். இந்தக் கரையில், நம் கோயில் கல்லறையில் அடக்கம் செய்தோம். அப்பாவுக்குப் பக்கத்தில் வைக்க லாரன்ஸ் ஆசைப்பட்டான். உடலைக் கடல் தாண்டிக் கொண்டுபோக வசதி இல்லை. ஆகவே புருஷன் ஓர் இடம், பெண்டாட்டி ஓர் இடம், பிள்ளை ஓர் இடம் என்று ஆகிவிட்டது.

கல்லுக்கு வழியில்லாததால் லாரன்ஸ் தானே பட்டறையிலிருந்து பலகை கொண்டுவந்து, அச்சுக் கட்டி, சிமென்டில் ஒரு சிலுவை வார்த்தான். அது காய்வதற்கு முன் ஆணியால் எழுதினான். அம்மா பெயர், வருஷம், அதற்குக் கீழே அக்கா ரீத்தாவின் பெயர். அக்காவை அவனுக்கு நினைவே கிடையாது. அவன் எழுதி முடிக்கும் வரை அன்னமேரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சிமென்டின் மேல் வெயில் படாமல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலையில் லாரன்ஸ் வேலைக்குப் போனான். அன்னமேரி மாமியாரின் பாயையும் போர்வையையும் வெளியே போட்டுத் துவைத்தாள். வெயில் நன்றாக அடித்ததால் மத்தியானத்துக்குள் எல்லாம் காய்ந்துவிட்டன.